வளைந்த உலோகத்துக்கு மெருகு: செயற்கை முழங்காலின் பளபளப்புக்குப் பின்னால்

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை என்றால் மூட்டை அப்படியே வெட்டி எடுத்துவிட்டு அங்கே ஒரு உலோகக் கீலை வைத்துவிடுவார்கள் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடப்பது வேறு. தேய்ந்துபோன எலும்பு முனைகளைக் கொஞ்சம் சீவிச் சமன்படுத்தி, அவற்றின் மேல் உறை மாட்டுகிறார்கள். தொடை எலும்பின் கீழ்முனைக்கு ஒரு வளைந்த உலோக உறை. கீழ்க்கால் எலும்பின் தலையில் ஒரு உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவே கெட்டியான ஒரு பிளாஸ்டிக் துண்டு. தேவைப்பட்டால் முழங்கால் சில்லின் உள்பக்கத்தில் பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன வில்லை. நடக்கும்போதும் உட்காரும்போதும் அந்த வளைந்த உலோகம் பிளாஸ்டிக்கின் மேல் உருண்டும் வழுக்கியும் ஓடுகிறது. இப்படி உலோகமும் பிளாஸ்டிக்கும் உரசும் ஏற்பாட்டை 1968-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஃபிராங்க் கன்ஸ்டன் முழங்காலுக்குக் கொண்டுவந்தார். 1974-இல் நியூயார்க்கில் ஜான் இன்சாலும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய ‘டோட்டல் காண்டைலர்’ வடிவத்தின் வாரிசுகள்தான் இன்று பொருத்தப்படும் பெரும்பாலான முழங்கால்கள்.

அந்தத் தொடை உறையைக் கையில் வாங்கிப் பார்த்தால் வெளிப்பக்கத்தில் முகம் பார்க்கலாம். எஃகுப் பாத்திரக் கடையில் இருக்கும் எதையும்விட அதிகப் பளபளப்பு. “உள்ளே போய் யார் பார்க்கப் போகிறார்கள், இதற்கு இவ்வளவு மினுக்கு எதற்கு?” என்று கேட்கத் தோன்றும். அந்த மினுக்கை எதற்காகக் கொண்டுவருகிறார்கள், எப்படிக் கொண்டுவருகிறார்கள், வளைந்த பரப்பில் அது ஏன் இவ்வளவு கடினம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். உற்பத்திப் பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வெளியே அதிகம் பேசப்படாத பகுதியும்கூட.

எதற்காக இவ்வளவு வழவழப்பு?

நடுவில் இருக்கும் பிளாஸ்டிக்கிலிருந்து தொடங்குவோம். அது பாலிஎத்திலீன். நம் வீட்டுப் பிளாஸ்டிக் பைக்கும் அதே வேதிக் குடும்பம்தான். ஆனால் மூலக்கூறுச் சங்கிலிகள் மிக மிக நீளமானவை. அதனால் கெட்டியாகவும் உரசலைத் தாங்குவதாகவும் இருக்கும். என்ன இருந்தாலும் உலோகத்துக்கு முன்னால் அது மென்மையான பொருள்தான்.

சாதாரணமாக நடக்கும்போதே முழங்காலில் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு பாரம் இறங்கும். படி இறங்கும்போது இன்னும் கூடும். செயற்கை முழங்கால்களைச் சோதிக்கும் எந்திரங்களில் 10 லட்சம் சுழற்சிகளை ஏறக்குறைய ஓராண்டு நடைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஐஎஸ்ஓ 14243 என்ற சர்வதேசத் தரநிலைப்படி 50 லட்சம் சுழற்சிகள் வரை ஓட்டி, பிளாஸ்டிக் எவ்வளவு எடை குறைந்திருக்கிறது என்று நிறுத்துப் பார்க்கிறார்கள்.

எடை குறைவதைவிட, குறைந்தது எங்கே போனது என்பதுதான் பெரிய கவலை. தேய்ந்து உதிரும் பிளாஸ்டிக் துகள்களில் பல ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். இந்தத் துகள்களை உடலின் துப்புரவுச் செல்கள் விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடியாது. செரிக்க முடியாத செல்கள் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களை வெளியிடும். அதன் விளைவாக, பொருத்திய பாகத்தைச் சுற்றியிருக்கும் எலும்பே கரைய ஆரம்பிக்கும். எலும்பு கரைந்தால் பாகம் ஆடும். ஆடினால் மறுபடியும் அறுவை சிகிச்சைதான்.

இதில் உலோகத்தின் பங்கு என்ன? உலோகப் பரப்பில் ஒரு சின்ன மேடு இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் அது பிளாஸ்டிக்கை உழுதுகொண்டு போகும். கடினமான ஏதாவது ஒன்று உலோகத்தில் கீறும்போது, தோண்டப்பட்ட உலோகம் கீறலின் இரண்டு ஓரங்களிலும் வரப்பு மாதிரி ஒதுங்கி நிற்கும். அந்த வரப்புதான் பிளாஸ்டிக்கை அறுக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டன்கன் டௌசனும் உடன் ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்ட சோதனைகள் இதை அழுத்தமாகக் காட்டின. ஓட்டத்துக்குக் குறுக்கே இருக்கும் ஒற்றைக் கீறல் போதும், தேய்மானம் பல மடங்கு ஏற. கீறலின் ஆழத்தைவிட அதன் ஓர வரப்பின் உயரம்தான் தீர்மானிக்கிறது.

மூட்டுத் திரவம் எண்ணெய் போலக் காக்காதா என்று கேட்கலாம். ஓரளவு காக்கும். ஆனால் உலோகமும் பிளாஸ்டிக்கும் உள்ள மூட்டில் அந்தத் திரவப் படலம் மிக மெல்லியது. பிளாஸ்டிக் பரப்பின் மேடுபள்ளங்களை முழுக்க மூடும் அளவுக்கு அது தடிமனாவதில்லை. அதனால் மேடுகள் உரசத்தான் செய்யும். உரசும் இரண்டில் கடினமான பக்கமாவது வழவழப்பாக இருக்க வேண்டும்.

ஆர்ஏ என்ற எண்ணும் அது மறைப்பதும்

வழவழப்பை எண்ணால் சொல்ல வேண்டும் இல்லையா? தொழிலில் எல்லோரும் சொல்லும் அளவு ஆர்ஏ. பரப்பின் மேல் ஒரு கோடு இழுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு சராசரிக் கோடு போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் மேலேயோ கீழேயோ எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகல்களின் சராசரியை எடுத்தால் அதுதான் ஆர்ஏ.

முழங்கால் பாகங்களுக்கான ஐஎஸ்ஓ 7207-2 தரநிலை, உரசும் உலோகப் பரப்பின் ஆர்ஏ 0.1 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்கிறது. தலைமுடித் தடிமனில் 700-இல் ஒரு பங்கு. நல்ல தயாரிப்பாளர்கள் அதற்கும் கீழே, 0.05 மைக்ரான், 0.02 மைக்ரான் என்று போய்விடுகிறார்கள். எதிரே இருக்கும் பிளாஸ்டிக் பரப்புக்கோ 2 மைக்ரான் வரை அனுமதி. இருபது மடங்கு சலுகை. அதன் காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

முகம் தெரியும் அளவுக்கு உலோகம் மின்னுவதன் காரணமும் இந்த எண்களில்தான் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. மேடுபள்ளம் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாகும்போது ஒளி சிதறாமல் ஒழுங்காகத் திரும்புகிறது. நாம் அதைக் கண்ணாடி என்கிறோம். ஆகவே பளபளப்பு ஒரு நல்ல அறிகுறிதான். ஆனால் ஒரு எல்லை வரைக்கும்தான் அது உதவும். 0.05 மைக்ரானும் 0.02 மைக்ரானும் கண்ணுக்கு ஒரே மாதிரி மின்னும். வித்தியாசம் கருவிக்குத்தான் தெரியும்.

ஆர்ஏவை மட்டும் நம்பினால் எங்கே ஏமாறுவோம் என்பதை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர், அதாவது 1000 மைக்ரான் நீளத்தை அளக்கிறோம். முதல் பாகத்தில் எங்கு பார்த்தாலும் சராசரி விலகல் 0.05 மைக்ரான். அதன் ஆர்ஏ 0.05. இரண்டாவது பாகம் இன்னும் நன்றாக மெருகேறியிருக்கிறது, எங்கும் 0.04 மைக்ரான்தான். ஆனால் ஒரே ஒரு இடத்தில் கீறல் வரப்பு ஒன்று, 5 மைக்ரான் அகலத்தில் 2 மைக்ரான் உயரத்துக்கு நிற்கிறது. 5-ஐ 2-ஆல் பெருக்கினால் 10. அதை 1000 மைக்ரானுக்குப் பரப்பினால் 0.01. மீதிப் பரப்பின் 0.04-உடன் கூட்டினால் இதற்கும் ஆர்ஏ ஏறக்குறைய 0.05தான்!

காகிதத்தில் இரண்டு பாகங்களும் ஒன்று. முழங்காலுக்குள் போனால் முதலாவது வழுக்கிக்கொண்டு ஓடும், இரண்டாவது ஒவ்வொரு அடிக்கும் பிளாஸ்டிக்கைச் சுரண்டும். சராசரியின் குணமே இதுதான், ஒற்றைக் குற்றவாளியைக் கூட்டத்தில் மறைத்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஆர்ஏவோடு நிற்பதில்லை. மிக உயர்ந்த மேடு எவ்வளவு என்று தனியாகப் பார்ப்பார்கள். பரப்பில் மேடுகள் அதிகமா பள்ளங்கள் அதிகமா என்பதையும் ஒரு எண்ணாக எடுப்பார்கள். ஒரே ஆர்ஏ உள்ள இரண்டு பரப்புகளில், மேடில்லாமல் பள்ளம் மட்டும் உள்ளது பிளாஸ்டிக்குக்குப் பாதிப்புக் குறைவானது.

வளைவு வந்ததும் வேலை மாறிவிடுகிறது

தட்டையான உலோகத் தகட்டைக் கண்ணாடி போல ஆக்குவது பழகிய வேலை. தட்டையான கல்லோ வட்டோ வைத்துத் தேய்த்துக்கொண்டே போனால் பரப்பு முழுவதும் ஒரே மாதிரி தேயும். தொடை உறையில் அது நடக்காது. பக்கவாட்டில் பார்த்தால் அதன் முன்பக்கம் ஏறக்குறைய நேராக இருக்கும், கீழே பெரிய வளைவாகத் திரும்பும், பின்னால் போகப் போக வளைவு இறுகிச் சின்ன ஆரமாகிவிடும். நேர்முகமாகப் பார்த்தால் இரண்டு உருண்டை மேடுகள், அவற்றுக்கு நடுவே ஒரு வெட்டு. முன்பக்கத்தில் முழங்கால் சில்லு ஏறி இறங்குவதற்கென்று ஒரு பள்ளம். அந்தப் பள்ளமும் ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும். குவிவு, குழிவு, இரண்டும் கலந்த சேண வடிவம் எல்லாம் ஒரே பாகத்தில், உள்ளங்கையில் அடங்கும் அளவில் இருக்கின்றன.

எஃப். டபிள்யூ. பிரெஸ்டன் என்பவர் 1927-இல் கண்ணாடித் தகடுகளை மெருகேற்றுவது பற்றி ஒரு எளிய விதியைச் சொன்னார். ஓரிடத்தில் எவ்வளவு பொருள் தேய்ந்து போகும் என்பது, அங்கே உள்ள அழுத்தத்தையும் உரசும் வேகத்தையும் உரசும் நேரத்தையும் பொறுத்தது. ஒன்று இரட்டித்தால் தேய்மானமும் இரட்டிக்கும். கண்ணாடிக்குச் சொன்னது என்றாலும் உலோக மெருகுக்கும் இன்றுவரை இதை வைத்துத்தான் கணக்குப் போடத் தொடங்குகிறார்கள்.

இதில் சிக்கல் அழுத்தம்தான். தலையணையை உள்ளங்கையால் அழுத்தினால் பாரம் பரவுகிறது; அதே பலத்தில் கட்டைவிரல் நுனியால் அழுத்தினால் ஒரே இடத்தில் குவிகிறது. மென்மையான சக்கரத்தின் மேல் ஓடும் உப்புத்தாள் பெல்ட்டில் தொடை உறையைச் சாய்க்கும்போதும் இதேதான். முன்பக்கத்தின் பெரிய வளைவு பெல்ட்டில் அகலமாகப் படிகிறது. பின்பக்கத்தின் இறுகிய வளைவு ஒரு குறுகிய பட்டையில் மட்டும் தொடுகிறது. ஒரே பலம், ஒரே வேகம், ஒரே நேரம் கொடுத்தாலும் பின்பக்கம் வேகமாகத் தேயும். குழிவான பள்ளத்தில் நிலைமை தலைகீழ். சக்கரம் பள்ளத்தைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டு ஓரங்களை மட்டும் தொடும், அடிப்பகுதிக்குப் போகவே போகாது.

பின்பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்தால்தான் என்ன? முழங்காலை மடக்கும்போது பிளாஸ்டிக்கின் மேல் வந்து உட்காருவது அந்தப் பின்பக்கம்தான். அது மெலிந்தால் மடக்கிய நிலையில் மூட்டு தளரும். இரண்டு மேடுகளில் ஒன்று மட்டும் மெலிந்தால் பாரம் ஒரு பக்கம் சாயும். வளைவில் எங்காவது ஒரு சின்னத் தட்டை விழுந்துவிட்டால், அதன் இரண்டு விளிம்புகளிலும் பிளாஸ்டிக் மேல் அழுத்தம் குவியும். இத்தனைக்கும் பரப்பு கண்ணாடி போல மின்னிக்கொண்டேதான் இருக்கும். ஆர்ஏ அளந்தாலும் 0.03 என்று நல்ல எண்ணாக வரும். ஏனென்றால் ஆர்ஏ கணக்கிடும்போது நீண்ட அலைகளையும் வளைவையும் வடிகட்டி எடுத்துவிட்டு, நுண்ணிய சொரசொரப்பை மட்டும்தான் பார்க்கிறோம்.

வளைந்த பாகத்துக்கு மெருகு போடுவதன் மொத்தச் சவாலும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. தேய்த்தால்தான் வழவழப்பு வரும். தேய்க்கத் தேய்க்க வடிவம் போகும். வேண்டிய வழவழப்பை அடையும் நேரத்தில் வடிவமும் வரைபடம் சொன்ன எல்லைக்குள் நிற்க வேண்டும். ஆகவே மெருகு வேலை கடைசியில் வந்து சேரும் அலங்காரமாக இருக்க முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் எங்கே எவ்வளவு தேயும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, வார்ப்பிலேயே அவ்வளவு தடிமன் கூடுதலாக விட வேண்டும்.

வார்ப்பிலிருந்து பஃப் சக்கரம் வரை

பெரும்பாலான தொடை உறைகள் கோபால்ட் குரோமியம் உலோகக் கலவையில் செய்யப்படுகின்றன. இதில் குரோமியம் 27 முதல் 30 சதவீதம், மாலிப்டினம் 5 முதல் 7 சதவீதம், மீதி பெரும்பாலும் கோபால்ட். வார்ப்பு முறை நமக்குப் பழக்கமானதுதான். மெழுகில் வடிவம் செய்து, அதன் மேல் பூச்சு பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகச் சிலை வார்க்கும் அதே தத்துவம். அங்கே காவிரி வண்டல், இங்கே செராமிக் குழம்பு; அங்கே ஒரு மெழுகுக்கு ஒரு சிலை, இங்கே ஒரு அச்சில் வரிசையாக நூற்றுக்கணக்கான மெழுகு வடிவங்கள். வார்த்த பிறகு பல தயாரிப்பாளர்கள் பாகத்தை மிக உயர்ந்த வெப்பத்திலும் வாயு அழுத்தத்திலும் வைத்து, உள்ளே இருக்கும் நுண்துளைகளை நெருக்கி மூடுகிறார்கள். இல்லையென்றால் மெருகேற்றும்போது மேலடுக்கு போகப் போக உள்ளே ஒளிந்திருந்த துளை பரப்பில் வாய் திறக்கும்.

அப்புறம் பெல்ட் வேலை. இன்று பெரிய ஆலைகளில் ரோபோ கையே பாகத்தைப் பிடித்துக்கொண்டு பெல்ட்டிடம் கொண்டுபோய்க் காட்டுகிறது. கையின் மணிக்கட்டில் இருக்கும் உணரி எவ்வளவு பலத்தில் அழுத்துகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கும். பலத்தை மாறாமல் வைத்தால் மட்டும் போதாது என்று மேலே பார்த்தோம் இல்லையா? அதனால் வளைவு இறுகும் இடத்தில் பலத்தைக் குறைத்தோ, வேகமாகக் கடந்து போகச் செய்தோ நிரல் எழுத வேண்டியிருக்கிறது. ஒரே வடிவமைப்பில் இடது கால், வலது கால் என்று தனித்தனி, ஒவ்வொன்றிலும் பல அளவுகள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை.

முதலில் முரட்டு பெல்ட், பிறகு நடுத்தரம், அப்புறம் நைசு. இந்த வரிசையில் அனுபவசாலிகள் விடாமல் பிடிக்கும் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு கட்டமும் அதற்கு முந்தைய கட்டம் போட்ட கீறல்களின் அடி வரை எடுத்துவிட வேண்டும். நேரம் மிச்சம் என்று ஒரு கட்டத்தைத் தாண்டினால், முரட்டு பெல்ட்டின் ஆழமான கீறல் ஒன்று அடியில் தங்கிவிடும். அதன் மேல் எவ்வளவு நைசாகத் தேய்த்தாலும் கீறலின் விளிம்புதான் மழுங்கும், கீறல் போகாது. கடைசிப் பளபளப்பில் மங்கலான கோடாக அது எட்டிப் பார்க்கும்போது திரும்பவும் முரட்டு பெல்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்குள் தடிமன் மீதமிருக்குமா என்பதுதான் கேள்வி. இதைத் தவிர்க்கத்தான் முடிந்த இடங்களில் ஒரு கட்டத்தை நெடுக்கிலும் அடுத்ததைக் குறுக்கிலும் தேய்க்கிறார்கள். பழைய கீறல் புதியதற்குக் குறுக்கே நின்றால் கண்ணுக்கு உடனே அகப்பட்டுவிடும்.

கோபால்ட் குரோமியத்துக்கு இன்னொரு குணம், வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தாது. ஓரிடத்தில் பெல்ட் நின்றுவிட்டால் அங்கே சூடு தேங்கி, நிறம் மாறிக் கருகிய தழும்பு விழும். தேய்க்கும்போது கிளம்பும் கோபால்ட் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். உறிஞ்சு குழாயும் முகக்கவசமும் இல்லாமல் இந்த வேலையை யாரும் செய்யக் கூடாது. செய்பவர்களின் உடல்நலத்தைப் பணயம் வைத்து வரும் மெருகு யாருக்கும் வேண்டாம்.

பெல்ட்டுக்குப் பிறகு பல ஆலைகளில் இழுவை மெருகு என்று ஒரு கட்டம் வருகிறது. பெரிய தொட்டி நிறைய சின்னச் சின்ன செராமிக் அல்லது பிளாஸ்டிக் கற்கள். பாகங்களைச் சுழலும் தண்டுகளில் மாட்டி அந்தக் கற்குவியலுக்குள் அமிழ்த்தி இழுத்துக்கொண்டே சுற்றுவார்கள். கற்கள் தண்ணீர் மாதிரி வளைவைச் சுற்றி ஓடும். கடைசிச் சுற்றுக்கு அரைத்த வால்நட் (அக்ரூட்) ஓட்டுத் துணுக்குகளில் மெருகுப் பசையைக் கலந்து ஓட்டுவதும் உண்டு. பெல்ட் எட்டாத வளைவுகளுக்குக்கூட இது போகும், ஒரே நேரத்தில் பல பாகங்கள் முடியும். ஆனால் கற்கள் முனைகளில் அதிகமாக மோதும், பள்ளங்களில் சோம்பலாக ஓடும். ஆகவே பாகத்தை எந்தக் கோணத்தில் மாட்டுவது, எந்த இடத்தை மூடி வைப்பது என்பதெல்லாம் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டிய விஷயங்கள்.

கடைசியில் பஃப் சக்கரம். துணி அடுக்குகளைத் தைத்துச் செய்த சக்கரத்தில் மெழுகுக் கட்டி போன்ற மெருகுப் பசையைத் தொட்டுத் தொட்டு ஓட்டுவார்கள். ரோபோக்கள் வந்த பிறகும் இந்தக் கடைசி வேலையைக் கையால் செய்யும் இடங்கள் நிறைய உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. சில்லு ஓடும் பள்ளத்தில் கை தேர்ந்த ஒருவர் பாகத்தைப் பிடித்திருப்பதைக் கவனித்தால் புரியும். சக்கரத்தின் முகத்தில் வைக்காமல் அதன் விளிம்பில் வைக்கிறார். மணிக்கட்டைச் சாய்த்துக்கொண்டே பள்ளத்தின் நீளத்துக்கு ஒரே வீச்சாக இழுக்கிறார். நடுவில் எங்கும் நிறுத்துவதில்லை. வீச்சு முடியும் இடத்தில் அழுத்தத்தைத் தளர்த்தித்தான் பாகத்தை எடுக்கிறார். நிறுத்தினால் குழி விழும், அழுத்தியபடி எடுத்தால் விளிம்பு உருண்டுவிடும். உலோகம் சூடாவது விரலுக்குத் தெரிகிறது, சக்கரம் இழுக்கும் இழுப்பு கைக்குத் தெரிகிறது.

துணிச் சக்கரத்திலும் ஒரு ஆபத்து உண்டு. வார்த்த கோபால்ட் குரோமியத்துக்குள் கார்பைடு என்னும் மிகக் கடினமான நுண்துகள்கள் ஆங்காங்கே பதிந்திருக்கும். மெத்தென்ற துணியை வைத்து நீண்ட நேரம் தேய்த்தால், சுற்றியுள்ள மென்மையான உலோகம் வேகமாகத் தேய்ந்து, கார்பைடுகள் தேயாமல் மேலே தலை நீட்டும். சில இடங்களில் கார்பைடு பெயர்ந்து குழி விழும், அந்தக் குழியிலிருந்து வால்நட்சத்திரம் போல ஒரு கீற்று நீளும். இன்னும் விட்டால் பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும், பளபளப்பு மட்டும் குறையாது. கூடுதலாக மெருகேற்றினால் கூடுதல் நல்லது என்று நினைக்கும் புதியவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். எப்போது நிறுத்துவது என்று தெரிவது இந்தத் தொழிலின் பாதி.

பார்ப்பதும் அளப்பதும்

முடிந்த பாகத்தை முதலில் கண்ணால்தான் பார்க்கிறார்கள். நீளமான குழல்விளக்கின் பிம்பம் வளைவில் விழும்படி பிடித்து மெதுவாகத் திருப்புவார்கள். வளைவு ஒழுங்காக இருந்தால் அந்த ஒளிக்கோடு வழுக்கிக்கொண்டு நகரும். எங்காவது தட்டையோ பள்ளமோ இருந்தால் கோடு அந்த இடத்தில் நெளியும், அல்லது சட்டென்று குதிக்கும். சில மைக்ரான் அளவுள்ள அலையைக்கூட இப்படிப் பிடித்துவிடலாம். எளிய சோதனைதான். ஆனால் ஆர்ஏ எண் தவறவிடும் குறையை இது காட்டிக்கொடுக்கிறது.

எண்ணுக்கு இரண்டு வழிகள். ஒன்று, வைர முனை கொண்ட ஊசியைப் பரப்பில் இழுத்து ஏற்ற இறக்கத்தைப் பதிவது. ஊசி முனையின் ஆரமே பொதுவாக 2 மைக்ரான் இருக்கும். அதைவிடக் குறுகிய கீறலின் அடிக்கு அது போகாது. வளைந்த பரப்பில் ஊசி சரிந்து ஏறுவதால், முதலில் வளைவைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டுத்தான் சொரசொரப்பைப் பார்க்க முடியும். இன்னொன்று, தொடாமல் ஒளியின் குறுக்கீட்டை வைத்து அளப்பது. இது ஒரு கோட்டுக்குப் பதில் ஒரு சின்னப் பரப்பையே படமாகத் தரும், தலை நீட்டும் கார்பைடுகூடத் தெரியும். ஆனால் சரிவு அதிகமான இடத்தில் ஒளி கருவிக்குத் திரும்பி வராது. ஆகவே எந்த முறையானாலும், வரைபடத்தில் எங்கே அளக்க வேண்டும், எந்தத் திசையில் அளக்க வேண்டும் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். நல்ல இடமாகப் பார்த்து ஒரே ஒரு அளவு எடுத்துக் கொடுப்பதை அளவு என்றே நான் ஏற்க மாட்டேன்.

அளவெல்லாம் சரியாக வந்தாலும் வேலை முடிவதில்லை, கழுவ வேண்டும். தொடை உறையின் உள்பக்கம், அதாவது எலும்பைத் தொடும் பக்கம், வேண்டுமென்றே சொரசொரப்பாக விடப்படுகிறது. பாகத்தை எலும்போடு பிணைக்கும் எலும்பு சிமென்ட் பிடித்துக்கொள்ளவோ, எலும்பே வளர்ந்து கவ்விக்கொள்ளவோ அந்தச் சொரசொரப்பு வேண்டும். மெருகுப் பசையின் மெழுகும் எண்ணெயும் போய் ஒளிந்துகொள்ள வசதியான இடமும் அதுதான். இது சின்ன விஷயம் இல்லை. 2000 டிசம்பரில் சுல்சர் ஆர்த்தோபீடிக்ஸ் நிறுவனம் தன் செயற்கை இடுப்புக் கிண்ணங்களைத் திரும்பப் பெற்றது. எலும்பைத் தொடும் பரப்பில் எந்திர எண்ணெய் எச்சம் தங்கி, எலும்பு ஒட்டாமல் பாகங்கள் தளர்ந்திருந்தன. அடுத்த ஆண்டே அந்தப் பிரச்சினை அதே நிறுவனத்தின் சில முழங்கால் தட்டுகளுக்கும் நீண்டது. கழுவிய பிறகு அமிலக் குளியல் கொடுத்து, ஒட்டியிருக்கும் அந்நிய உலோகத் துகள்களை அகற்றி, குரோமியம் ஆக்சைடு படலம் சீராக உருவாகச் செய்கிறார்கள். சில நானோமீட்டர் தடிமன் உள்ள அந்தப் படலம்தான் உடல் திரவத்தில் உலோகம் அரிக்காமல் காக்கிறது.

பிளாஸ்டிக்கை ஏன் மெருகேற்றுவதில்லை?

இருபது மடங்கு சலுகை என்றேனே, அதற்கு வருவோம். நடுவில் இருக்கும் பாலிஎத்திலீனைக் கணினி எந்திரத்தில் கடைந்து எடுத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். உளி ஓடிய வரிகள் உற்றுப் பார்த்தால் தெரியும். மெருகுப் பசை வைத்துத் தேய்த்தால் பசையில் உள்ள கடினத் துகள்கள் மென்மையான பிளாஸ்டிக்கில் புதைந்துவிடும். அப்புறம் அந்தப் பிளாஸ்டிக்கே உப்புத்தாளாக மாறி, நாம் அரும்பாடுபட்டு மெருகேற்றிய உலோகத்தைக் கீறத் தொடங்கும். தேய்க்கும் சூட்டில் பிளாஸ்டிக் மென்மையாகி இழுபடும் ஆபத்தும் உண்டு. கடைசல் வரிகளோ நடக்க ஆரம்பித்த பிறகு உலோகம் ஓடும் இடத்தில் தானாகவே அமுங்கி வழவழப்பாகிவிடும்.

உடலுக்குள் போன பிறகு

இவ்வளவு பாடுபட்டு வந்த பரப்பு அறுவை அரங்கிலேயே கீறல் வாங்கலாம். உலோகக் கருவி ஒன்று தவறிப் பட்டால் போதும். எலும்பு சிமென்ட் எக்ஸ்ரே படத்தில் தெரிவதற்காக அதில் பேரியம் சல்பேட் அல்லது சிர்கோனியம் டைஆக்சைடு தூள் கலக்கிறார்கள். சிதறிய சிமென்ட் துணுக்கு மூட்டுக்குள் தங்கிவிட்டால், அதில் உள்ள சிர்கோனியம் டைஆக்சைடு துகள் கோபால்ட் குரோமியத்தையே கீறும் அளவுக்குக் கடினம். அதனால்தான் சிமென்ட் இறுகியதும் ஓரங்களைச் சுரண்டி எடுத்து மூட்டை நன்றாக அலசுகிறார்கள் அறுவை மருத்துவர்கள். மறு அறுவையில் எடுக்கப்படும் உறைகளைப் பார்த்தால் முன்பின்னாக, நடையின் திசையிலேயே கீறல்கள் ஓடியிருப்பது வழக்கம்.

கீறலே விழாத பரப்பு வேண்டும் என்ற தேடலில் வந்தது ஆக்சைடாக்கிய சிர்கோனியம். சிர்கோனியம் நையோபியம் கலவையில் பாகத்தைச் செய்து, காற்றில் 500 டிகிரிக்கும் மேல் சூடாக்கினால் மேல்தோல் கறுப்பான செராமிக்காக மாறுகிறது. தடிமன் ஏறக்குறைய 5 மைக்ரான்தான். மெருகுக்காரருக்கு இது புதிய நெருக்கடி. சூளைக்குப் போகும் முன்பே வடிவமும் வழவழப்பும் ஏறக்குறைய முடிந்திருக்க வேண்டும், சூளைக்குப் பிறகு மிக மெல்லிய கடைசி மெருகுக்குத்தான் இடம். வளைவின் ஒரு முனையில் இரண்டு மைக்ரான் கூடத் தேய்த்தால் செராமிக்கில் ஏறக்குறையப் பாதி போய்விடும்.

இந்தியாவில் 2017 ஆகஸ்டில் முழங்கால் பாகங்களுக்கு அரசு விலை உச்சவரம்பு வைத்தபோது, சாதாரண கோபால்ட் குரோமியத் தொகுப்புக்கு 54,720 ரூபாயும், டைட்டானியம், ஆக்சைடாக்கிய சிர்கோனியம் போன்ற சிறப்பு உலோகத் தொகுப்புக்கு 76,600 ரூபாயும் நிர்ணயித்தார்கள். கூடுதல் பணம் கொடுத்தால் கூடுதல் நாள் உழைக்குமா என்று மருத்துவமனையில் கேட்பவர்கள் ஏராளம். சோதனைக்கூடத்தில் கறுப்புப் பரப்பு குறைவாகவே கீறுகிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரே வடிவமைப்பில் இரண்டு உலோகங்களிலும் செய்த முழங்கால்களை ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டு மாற்றுப் பதிவேட்டிலிருந்து எடுத்து, 12 ஆண்டு விளைவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஆக்சைடாக்கிய சிர்கோனியம் மறு அறுவையைக் குறைத்ததாக அதில் தெரியவில்லை. மறு அறுவைக்குப் பிளாஸ்டிக் தேய்மானம் ஒரு காரணம்தான். தொற்று, தளர்வு, மூட்டின் நிலையின்மை என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. இவற்றில் தொற்றுக்கும், பாகத்தைப் பொருத்திய கோணத்தால் வரும் நிலையின்மைக்கும் பரப்பின் மெருகால் எதுவும் செய்ய முடியாது. கோபால்ட் குரோமியக் கலவையில் உள்ள உலோகங்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்களின் கதை வேறு, அவர்களுக்கு மாற்று உலோகம் தேவைப்படலாம். மற்றவர்கள் கறுப்பா வெள்ளையா என்று கேட்பதற்கு முன்னால், அந்த அறுவை மருத்துவர் எந்த முழங்காலை அதிகம் பொருத்திப் பழகியிருக்கிறார் என்று கேட்கலாம்.